நிக்கலஸ் ஹாக்ஸ்மூர்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: ஐயா, லண்டன் கட்டிடங்கள் என்றாலே கிறிஸ்டோபர் ரென் பெயர்தான் வருகிறது. ஹாக்ஸ்மூர் யார்?

பதில்: கட்டிடக் கலைஞர் ரென்னிடம் 18 வயது வாக்கில் எழுத்தராகச் சேர்ந்த நாட்டிங்ஹாம்ஷயர் பையன். செயின்ட் பால்ஸ் தேவாலயம், கிரீனிச் மாலுமிகள் இல்லம் என்று ரென்னின் பெரிய வேலைகளுக்கெல்லாம் வரைபடம் போட்டே தொழில் கற்றார். அப்புறம் நாடகாசிரியர் வான்ப்ரூ, கட்டிடப் பயிற்சியே இல்லாமல் ஹாவர்ட் கோட்டை, பிளென்ஹைம் அரண்மனை வேலைகளைப் பிடித்தபோது, அந்தக் கனவுகளைக் கல்லில் நிற்கவைக்கத் துணை நின்றதும் இவர்தான். "உதவியாளர்" என்றே காலமெல்லாம் சொல்லிவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கேள்வி: இத்தாலியில் படித்தவரா?

பதில்: இத்தாலிக்குப் போனதே இல்லை. புத்தகங்களும் அச்சுப் படங்களும்தான் அவருடைய ரோம். புளூம்ஸ்பரி செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் படிப்படியான கோபுரம், பழங்கால ஹாலிகார்னாசஸ் நகரின் கல்லறை மாளிகையைப் பற்றி ரோம எழுத்தாளர் பிளினி எழுதிவைத்த வர்ணனையிலிருந்து எழுந்தது. உச்சியில் முதலாம் ஜார்ஜ் மன்னர் நிற்கிறார்.

கேள்வி: ஒரே ஒரு கட்டிடம்தான் பார்க்க நேரம் என்றால்?

பதில்: லண்டனில் பேங்க் பாதாள ரயில் நிலையத்துக்கு மேலே இருக்கும் செயின்ட் மேரி உல்நாத் தேவாலயம். 1711இல் நாடாளுமன்றம், நிலக்கரி வரிப்பணத்தில் 50 தேவாலயங்கள் கட்டச் சட்டம் போட்டது. எழுந்தவை சுமார் 12. அதில் ஆறு முழுக்க ஹாக்ஸ்மூருடையவை. உல்நாத் அவற்றில் ஒன்று. முகப்பை நெருங்கிப் பாருங்கள்: கல் வரிசைகளுக்கு நடுவே விரல் போகும் பள்ளக் கோடுகள், மூலைத் தூண்களின் உடம்பிலும் அதே கோடுகள். கோட்டைச் சுவர் மாதிரி இருக்கும். உள்ளே போனால் சதுரக் கூடம்; மூலைக்கு மூன்றாக 12 தூண்கள்; உச்சியில் நாலு பக்கமும் பெரிய அரைவட்ட ஜன்னல்கள். தெருவின் இரைச்சல் கீழே நின்றுவிட, வெளிச்சம் மட்டும் மேலிருந்து இறங்கும். 1900இல் திறந்த பாதாள ரயில் நிலையத்துக்காக இதை இடிக்கப் பார்த்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும், கட்டிடத்தை அப்படியே தாங்கிப் பிடித்து அடியில் நிலையத்தை அமைத்தார்கள்.

கேள்வி: நம்ம சென்னை எழும்பூர் ஆண்ட்ரூஸ் கர்க் தேவாலயம் இவர் பாணியா, சார்?

பதில்: இல்லை தம்பி. அது 1821இல் திறந்தது. அதற்கு முன்மாதிரி ஜேம்ஸ் கிப்ஸ் லண்டனில் 1726இல் முடித்த செயின்ட் மார்ட்டின் தேவாலயம். கிப்ஸும் அதே 50 தேவாலயத் திட்டத்தில் ஹாக்ஸ்மூரோடு வேலை பார்த்தவர்தான். தூண் முகப்புக்கு மேல் ஊசிக்கோபுரம் என்ற கிப்ஸின் அமைப்பைக் கடல் தாண்டியும் நகலெடுத்தார்கள். ஹாக்ஸ்மூரை நகலெடுப்பது கடினம். ஒவ்வொரு கோபுரத்துக்கும் அவர் புதிதாக யோசித்தார்.

கேள்வி: பிறகு ஏன் மறந்துபோனார்கள்?

பதில்: ரசனை மாறியது. கட்டிடக்கலையில் ஊறிய பர்லிங்டன் பிரபுவின் கூட்டத்தாருக்கு, 16ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டிடக் கலைஞர் பல்லாடியோவின் அளவுகளே வேதம். ஹாவர்ட் கோட்டைக் கல்லறை மண்டபத்தில் தூண்களை நெருக்கி நிறுத்தியதற்கே பர்லிங்டன் குறை சொன்னார். ஹாக்ஸ்மூர், பழங்காலச் சான்றுகளைக் காட்டி வாதாடினார், இடைவெளியை மாற்றவில்லை. அந்த நெருக்கம்தான் மண்டபத்துக்கு அந்தக் கனத்தைத் தருகிறது. அவர் செய்தது சரி.

கேள்வி: அவர் கல்லறை எங்கே?

பதில்: ஹெர்ட்ஃபர்ட்ஷயரில் ஷென்லி. கீல்வாதத்தோடு பல வருடம் போராடி 1736 மார்ச் 25இல் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் மேற்குக் கோபுரங்கள் அவர் வரைந்தவை. 1745இல் முடிந்தன, அவர் பார்க்கவில்லை. ஷென்லிக் கல்லில் அவர் பெயருக்குக் கீழே லத்தீனில் தொழில் பொறித்திருக்கிறது: ஆர்க்கிடெக்டஸ், அதாவது கட்டிடக் கலைஞர்.