ஏற்காடு மலை ஏறினால் எவ்வளவு கரையும்? உடற்பயிற்சி உடலியங்கியல் கேள்வி பதில்

சேலத்தில் ஒரு கல்லூரியில் உடற்பயிற்சி உடலியங்கியல் சொல்லித் தருகிறேன். உடம்பு எரிபொருளை எப்படிச் செலவழிக்கிறது, பயிற்சி அதை எப்படி மாற்றுகிறது என்பதுதான் என் பாடம். மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ என்னிடம் கேட்காதீர்கள், அதற்கு உங்கள் டாக்டர் இருக்கிறார். மற்றதெல்லாம் கேட்கலாம் என்றேன், கேட்டுவிட்டார்கள்.

கன்னங்குறிச்சியிலிருந்து ஒரு தம்பி: மேடம், ஞாயிறுதோறும் அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரைக்கும் சைக்கிளில் ஏறுகிறேன். என் எடை 65 கிலோ, சைக்கிள் 12 கிலோ. வாட்ச் 1,650 கலோரி என்று காட்டுகிறது. நம்பலாமா?

நம்ப வேண்டாம். பேப்பர், பேனா எடுங்கள், நாமே போட்டுப் பார்த்துவிடலாம். ஏற்றம் 1,100 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 77 கிலோவை அவ்வளவு உயரம் தூக்க 77 × 9.8 × 1,100, அதாவது சுமார் 830 கிலோ ஜூல் வேலை. கலோரிக் கணக்கில் இது 200-ஐக்கூடத் தொடாது. ஆனால் தசை செலவழிப்பதில் 20 முதல் 25 சதவீதம்தான் பெடலுக்கு வேலையாகப் போய்ச் சேரும், மிச்சமெல்லாம் சூடாகிவிடும். அதனால்தான் மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே சட்டை நனைகிறது. ஆக, உடம்பின் மொத்தச் செலவு 800 முதல் 1,000 கலோரி. டயர் உராய்வு, காற்று எல்லாம் சேர்த்தாலும் இன்னும் நூறு, நூற்றைம்பது கூடலாம். 1,650 வராது.

வாட்ச் இதயத்துடிப்பைப் பார்த்து யூகிக்கிறது. வெயில், முந்தின நாள் தூக்கமின்மை, காபி என்று எது துடிப்பை ஏற்றினாலும் அதுவும் கலோரியாகிவிடும். துடிப்பு எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது காட்டும் கலோரியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

அதே தம்பி: அந்த 1,000 கலோரியும் கொழுப்பிலிருந்தே வந்தால் எவ்வளவு குறையும்?

உடம்புக் கொழுப்பில் 130 கிராம். அதுவும் முழுக்கக் கொழுப்பிலிருந்து வராது. செங்குத்தாக ஏறும்போது தசை அதிகம் கேட்பது கிளைகோஜனைத்தான், அதாவது தசையிலும் கல்லீரலிலும் சேமித்துவைத்த சர்க்கரையை. மேலே போனதும் பஜ்ஜிக் கடையில் நின்றீர்கள் என்றால் கணக்கு நேராகிவிடும்.

ஓமலூர் வாசகி: கரைகிற கொழுப்பு எங்கேதான் போகிறது, மேடம்? வியர்வையிலா?

பெரும்பகுதி மூச்சில் போகிறது. 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக வெளியேறும், மிச்சம் 1.6 கிலோ தண்ணீர். 2014-இல் ஆஸ்திரேலியாவில் இருவர் இதைக் கணக்குப்போட்டு எழுதினார்கள். டாக்டர்கள் பலரிடமே கேட்டுப் பார்த்தார்கள், சரியாகச் சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். பிளாஸ்டிக் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களும் இதைப் படிக்கட்டும். அதில் குறைவது தண்ணீர், ஒரு சொம்பு குடித்தால் திரும்பி வந்துவிடும்.

அஸ்தம்பட்டி, நடைப்பயிற்சிக் குழு: நடந்தே ஏற்காடு போய் நடந்தே இறங்கினோம். ஏறின அன்று ஒன்றுமில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் மாடிப்படி இறங்க முடியவில்லை. லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்கிறார் ஜிம் மாஸ்டர்.

இந்தக் கேள்வி வந்தால் எனக்கு ஒரு வகுப்பு போதாது. லாக்டிக் அமிலம் உடம்பில் லாக்டேட்டாகத்தான் இருக்கிறது, அது உங்கள் ரத்தத்தில் ஏறியது உண்மை. ஆனால் ஓய்ந்த ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு வந்துவிடும். இரண்டு நாள் கழித்து வலிக்க அது அங்கே இருக்காது.

வலிக்குக் காரணம் இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறது. லாரியை பிரேக் பிடித்தே இறக்குவது போன்ற வேலை அது. நீளும் நிலையில் விசை கொடுக்கும்போது தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, அழற்சி மெதுவாகக் கிளம்பும். அதனால் 24 மணி நேரத்துக்குப் பிறகு ஏறி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்கு வந்து தணியும். நல்ல செய்தி என்னவென்றால், ஒருமுறை அனுபவித்த தசை அடுத்த சில வாரங்களுக்கு அவ்வளவு சேதப்படாது. அடுத்த மாதமே மறுபடி போய்வாருங்கள். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் மட்டும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

லாக்டேட்டுக்குக் கெட்ட பெயர் வந்த கதை பழையது. 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு ஏ. வி. ஹில், ஓட்டோ மேயர்ஹோஃப் இருவருக்கும் தசை ஆய்வுக்காகக் கிடைத்தது. ஆக்ஸிஜன் போதாதபோது உருவாகும் கழிவு என்ற எண்ணம் அந்தக் காலத்திலிருந்து பாடப்புத்தகங்களில் ஒட்டிக்கொண்டது. 1980-களில் அமெரிக்க உடலியங்கியலாளர் ஜார்ஜ் புரூக்ஸ் வேறு படம் காட்டினார்: ஒரு தசை இழை வெளியே விடும் லாக்டேட்டைப் பக்கத்து இழையும் இதயமும் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன, கல்லீரல் அதிலிருந்து குளுக்கோஸ் செய்கிறது. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் ஜிம்மில் அது விஷம்தான்!

மேட்டூர், ஓட்டப் பயிற்சியாளர்: பையன்களை ஏற்காட்டில் பத்து நாள் தங்கவைத்தால் ரத்தம் ஊறுமா?

ஊறாது. சிவப்பணு கூட வேண்டுமென்றால் பொதுவாக 2,000 மீட்டருக்கு மேலே, அதுவும் மூன்று நான்கு வாரம் தங்க வேண்டும். ஏற்காடு 1,500 மீட்டர். காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு அங்கேயும் 20.9 சதவீதம்தான், காற்றழுத்தம்தான் சேலத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. பந்தய வேகத்தில் ஓடினால் மூச்சில் தெரியும். ஆனாலும் மே மாதம் கூட்டிக்கொண்டு போங்கள் என்றுதான் சொல்வேன். கீழே வெயிலில் செய்ய முடியாத அளவு பயிற்சியை அந்தக் குளிரில் செய்யலாம். போட்டி கீழே வெயிலில்தான் என்றால் ஒன்றிரண்டு வாரம் முன்னாலேயே இறக்கிவிடுங்கள், உடம்பு சூட்டுக்குப் பழக அவ்வளவு நாள் பிடிக்கும்.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை: காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். அப்புறம் பத்து மணி நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேலை. ஒல்லியான உடம்புதான், ஆனாலும் சுகர் வந்துவிட்டது. எப்படிங்க?

ஐயா, ஒல்லி என்பது தராசு சொல்வது. 2004-இல் புனேயின் டாக்டர் யாக்னிக்கும் லண்டனின் டாக்டர் யுட்கினும் தங்கள் இருவர் உடம்பையே வைத்து ஒரு குறிப்பு எழுதினார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறை குறியீடு (BMI) இருவருக்கும் ஒன்றே, 22.3. கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. நம் ஊர் உடம்பில் தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு அதிகம் என்பது பொதுவான போக்கு. அதனால் இடுப்புச் சுற்றளவையும் பாருங்கள், வெறும் எடையை வைத்து நிம்மதி வேண்டாம்.

நடையை விடாதீர்கள். சுருங்கி விரியும் தசை இன்சுலின் உதவி இல்லாமலும் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும், அதுதான் நடையின் பெரிய லாபம். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தால் மிச்சப் பத்து மணி நேரம் சரியாகிவிடாது. 1953-இல் பிரிட்டன் டாக்டர் ஜெரி மோரிஸ் லண்டன் பஸ்களை வைத்து ஆராய்ந்தார். உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸில் ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. அப்புறம் 2012-இல் ஆஸ்திரேலியாவில், உட்கார்ந்திருப்பவர்களை 20 நிமிடத்துக்கு ஒருமுறை 2 நிமிடம் மெதுவாக நடக்கவைத்தார்கள். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைந்தது. பட்டறையில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்தால் முதலாளி முறைப்பார், தெரியும். அரை மணிக்கு ஒருமுறையாவது எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் தெருவில் நடங்கள். வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து எழும் பயிற்சி, தசைக்காக. இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர் என்றால் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும், தாழ்சர்க்கரை வரலாம்.

ஆத்தூர், உடற்கல்வி ஆசிரியர்: எங்கள் பள்ளியில் டிரெட்மில் கிடையாது, மூச்சை அளக்கும் கருவி கிடையாது. பிள்ளைகளுக்கு இதை எப்படிச் செய்து காட்டுவது?

ஒரு பெஞ்சும் கடிகாரமும் போதும், சார். ஹார்வர்டு படிச் சோதனை 1943-இலிருந்து இருக்கிறது. 50 செ.மீ. உயரப் பெஞ்ச், பெண் பிள்ளைகளுக்கு 40. நிமிடத்துக்கு 30 முறை, 5 நிமிடம் ஏறி இறங்க வேண்டும். நின்றபின் 1 முதல் 1½, 2 முதல் 2½, 3 முதல் 3½ நிமிடம் என்று மூன்று தடவை, அரை நிமிடம் துடிப்பை எண்ணுங்கள். ஏறி இறங்கிய விநாடிகளை 100-ஆல் பெருக்கி, மூன்று எண்ணிக்கையின் கூட்டுத்தொகையை இரட்டித்து, அந்த எண்ணால் வகுக்கவும். 5 நிமிடமும் ஏறி இறங்கி, துடிப்பு 70, 60, 55 வந்த பையனுக்கு 30,000 ÷ 370 = 81, நல்ல தகுதி. விடை 55-க்குக் கீழே என்றால் பலவீனம். இதயக் கோளாறு, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை ஏற்றவே வேண்டாம், எண்ணும் வேலை கொடுங்கள்.

மார்க் போடுவதற்கு இதைப் பயன்படுத்தாதீர்கள். ஜூனில் ஒன்று, டிசம்பரில் ஒன்று எடுத்து, அவனவன் எண்ணை அவனவன் பழைய எண்ணோடு ஒப்பிடட்டும்.

சேலம், எம்.எஸ்சி. மாணவி: அக்கா, இந்தத் துறையில் ஆராய்ச்சிக்கு வர ஆசை. முதலில் எதைப் படிக்கட்டும்?

உயிர்வேதியியலும் புள்ளியியலும். பாதிப் பேர் இரண்டாவதைக் கண்டு ஓடிவிடுவார்கள், நீ ஓடாதே. அப்புறம் ஒரே ஆளை ஒரே வாரத்தில் இரண்டு தடவை அளந்து பார். இரண்டு எண்ணும் எவ்வளவு விலகுகின்றன என்று தெரிந்த பிறகு பயிற்சியால் என்ன மாறியது என்று பேசலாம்.