ஜப்பானில் கழிவறையில் தண்ணீரே கிடையாதா, பேப்பர் மட்டும்தானா? வயதான மாமனார், மாமியாரை அழைத்துப் போகலாமா?

தண்ணீர் உண்டு, தாராளமாக அழைத்துப் போங்கள். பதில் அவ்வளவுதான். ஆனால் ஊருக்கு வரும்போதெல்லாம் கல்யாண வீட்டுப் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் யாராவது ஒருவர் "அங்கெல்லாம் பேப்பர்தானாமே, எப்படித்தான் இருக்கீங்களோ" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு ஆரம்பிப்பார். அதைக் கேட்டுக் கேட்டு மனசு நொந்ததால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கணவருக்கோ உங்களுக்கோ டோக்கியோ பக்கம் வேலை கிடைத்து, பெரியவர்களையும் கூட வைத்துக்கொள்ள நினைக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நாங்களும் அப்படித்தான் வந்தோம்.

கழுவுவது நம் வழக்கம், துடைப்பது அவர்கள் வழக்கம் என்ற பிரிவினை ஜப்பானுக்குப் பொருந்தாது. அங்கே இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வாழும் வீடுகளில் சுமார் 80 சதவீதத்தில் வெந்நீர் பீய்ச்சிக் கழுவும் இருக்கை இருக்கிறது. முதலில் மூல நோயாளிகளுக்காக அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான சாதனம் அது. கழிவறைச் சாதனங்கள் தயாரிக்கும் டோட்டோ நிறுவனம் 1980-ல் வாஷ்லெட் என்ற பெயரில் சொந்தமாகக் கொண்டுவந்தபோதும் மக்கள் தயங்கினார்கள். 1982-ல் வந்த தொலைக்காட்சி விளம்பரத்தில் ஒரு பெண் கையில் சாயத்தைப் பூசி, பேப்பரால் துடைத்துக் காட்டுவார். சாயம் போகாது. கைக்கு ஒட்டினால் கழுவுகிறோம், பின்புறத்துக்கு மட்டும் ஏன் பேப்பர் என்பதுதான் அதன் வாதம். சாப்பாட்டு நேரத்தில் இதைப் போடலாமா என்று புகார்களும் வந்தன. நம் பாட்டிமார் சொல்வதைத்தான் அந்த விளம்பரமும் சொன்னது. அதனால் "பேப்பர் நாடு" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஈரத்தை ஒற்றி எடுக்கத்தான் பேப்பர் வேண்டும். அதைக் குப்பைத் தொட்டியில் போடக்கூடாது, கழிவறைக்குள்ளேயே போட்டுத் தண்ணீர் விட வேண்டும். பல ரயில் நிலையங்களில் நாலைந்து மொழிகளில் இதை எழுதி ஒட்டியிருப்பார்கள். அடைத்துக்கொள்ளுமோ என்ற பயம் வேண்டாம். தண்ணீரில் போட்டுக் கலக்கினால் 100 விநாடிக்குள் பிரிந்து கரைய வேண்டும் என்று அந்த நாட்டுத் தரநிர்ணயத்திலேயே இருக்கிறது. முகம் துடைக்கும் டிஷ்யூ அப்படிக் கரையாது, அதை மட்டும் உள்ளே போடாதீர்கள். ரோலின் அகலம் 114 மில்லிமீட்டர், நடுக்குழாய் 38 மில்லிமீட்டர் என்று அதற்கும் தரநிர்ணயம் உண்டு. எந்தக் கடையில் வாங்கினாலும் உங்கள் வீட்டுத் தாங்கியில் உட்காரும்.

வாங்கும்போது கொஞ்சம் கூடுதலாகவே வாங்கி வையுங்கள். 1973 எண்ணெய் நெருக்கடியின்போது பேப்பர் கிடைக்காது என்ற வதந்தி ஒசாகா பக்கம் செந்ரி புறநகரில் கிளம்பி, நாடு முழுக்கக் கடைகளில் அடிதடி ஆனது. 2020-ல் கொரோனா சமயத்திலும் அதே கதைதான். நாட்டின் கழிவறைப் பேப்பரில் ஏறக்குறைய 40 சதவீதம் ஷிசுவோகா மாநிலத்தில் தயாராகிறது. பெரிய பூகம்பம் எதிர்பார்க்கப்படும் பகுதி அது. அதனால் ஒரு மாதத்துக்கான பேப்பரை வீட்டில் வைத்திருக்கச் சொல்லி அரசாங்கமே கேட்டுக்கொள்கிறது.

இனி என் மாமியார் விஷயம். அத்தை வந்து எங்களோடு தங்கியபோது தண்ணீர் ஒரு பிரச்சினையாகவே இல்லை, தரைதான் பிரச்சினை. இதை யாரும் உங்களுக்கு முன்கூட்டியே சொல்லமாட்டார்கள். ஜப்பானியக் குடும்ப வீடுகளில் கழிவறை தனி அறை, குளியலறை தனி அறை, முகம் கழுவும் இடம் வேறு. அந்தக் கழிவறைத் தரையில் தண்ணீர் போக ஓட்டையே கிடையாது. மரம்போலத் தெரியும் விரிப்பு ஒட்டிய காய்ந்த தரை. வாளி, மக் வைத்துக் கழுவி, தரையிலும் நாலு மக் ஊற்றித் தள்ளிவிட்டால்தான் அத்தைக்குத் திருப்தி. அங்கே ஊற்றினால் கீழ்வீட்டுக் கூரைக்கு இறங்கும். கழிவறையில் போட்டாலும் அடைக்காத ஈரத்தாள் கடையில் கிடைக்கிறது, அதை வைத்துத் தரையைத் துடைத்துக் காட்டிய பிறகும் அத்தைக்கு மனம் ஒப்பவில்லை.

அடுத்தது தொட்டி மேல் குழாய். தண்ணீர் விட்டவுடன் தொட்டியின் தலையில் வளைந்திருக்கும் சின்னக் குழாயில் தண்ணீர் வரும், கை கழுவிய நீர் கீழே தொட்டிக்குள் இறங்கும். "ஏம்மா, கக்கூஸ் தண்ணியில கை கழுவச் சொல்றியே" என்று அத்தை வெளியே வந்துவிட்டார். சமையலறைக்கு வரும் அதே தண்ணீர்தான் முதலில் கைக்கு வந்து, அப்புறம் தொட்டிக்குப் போகிறது என்று நான் சொன்னதை நம்பவில்லை. மாமா வந்து மூடியைத் திறந்து காட்டிய பிறகுதான் சமாதானம் ஆனார். வாஷ்லெட் பொத்தான்களில் இருந்த எழுத்து புரியாததால், கழுவும் பொத்தானில் பச்சை ஸ்டிக்கர் பொட்டும் நிறுத்தும் பொத்தானில் சிவப்புப் பொட்டும் ஒட்டினேன். அத்தனை நாளும் அதை வைத்தே சமாளித்தார். மூட்டு வலிக்காரருக்கு ஜனவரிக் குளிரில் சூடான இருக்கை எவ்வளவு பெரிய உதவி என்பதை நேரில் பார்த்தவள் நான்.

குளியலறையில் ஒரு சிக்கலும் இல்லை. தொட்டிக்கு வெளியே சின்ன முக்காலியில் உட்கார்ந்து, மொண்டு ஊற்றித்தான் குளிப்பார்கள். மொள்ளுவதற்குப் பாத்திரமும் உண்டு, தரையில் ஓட்டையும் உண்டு. சோப்பெல்லாம் போன பிறகுதான் தொட்டியில் இறங்க வேண்டும், ஏனென்றால் வீட்டில் எல்லோருக்கும் அதே வெந்நீர்தான். மிச்சத் தண்ணீரைத் துணி துவைக்க எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

ஜப்பான் புராணம் பாடுகிறேன் என்று யாராவது வரலாம். பழைய பூங்காக்களிலும் பள்ளிகளிலும் குத்த வைத்து உட்காரும் வகை இன்னும் இருக்கிறது, அங்கே கழுவக் குழாய் இருக்காது என்பதும் எனக்குத் தெரியும். பேட்டரியில் ஓடும் கையடக்கக் கருவி கிடைக்கிறது, வெளியே போகும்போது அத்தையின் பையில் எப்போதும் இருந்தது.

எனக்கு உண்மையில் ஆறாத மனக்குறை வீடு தேடியதில்தான். தரகர் எங்கள் முன்னாலேயே வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "வெளிநாட்டவர்" என்று சொல்லி முடிக்கும் முன்பே மறுப்பு வந்துவிடும். ஒரு வீட்டில் மசாலா வாசனை என்று காரணம் சொன்னார்கள். ஒத்துக்கொண்டவர்களும் முன்பணம் போக, திரும்பி வராத "நன்றிப் பணம்" என்று ஒரு மாத வாடகை கேட்டார்கள். வாடகை ஒழுங்காகக் கட்டக்கூடிய சம்பளம், கம்பெனிக் கடிதம் எல்லாம் கையில் இருந்தும் இந்த நிலை. இதைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள், பேப்பரைப் பற்றித்தான் கேட்பார்கள்.

வீடு பார்க்கும்போது கழிவறை தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள். தொட்டி, பேசின், கழிவறை மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் ஒற்றை அறை வீடு பெரியவர்களுக்கு ஆகாது. வாஷ்லெட் இல்லாவிட்டால் கழிவறைக்குள் மின் இணைப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நீங்களே வாங்கிப் பொருத்தலாம், வீட்டுக்காரரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். கழற்றிய பழைய இருக்கையைத் தூக்கிப் போடாதீர்கள், காலி செய்யும்போது திரும்ப மாட்டித் தர வேண்டும்.