மரபணு மாற்று உணவுக்கு லேபிள்: நாட்டுக்கு நாடு பார்வை ஏன் மாறுகிறது?

மரபணு மாற்று உணவை லேபிளில் குறிப்பிட வேண்டும் என்பதில் ஐரோப்பியர்களுக்கு இருக்கும் கண்டிப்பு அமெரிக்கர்களுக்கு ஏன் இல்லை, நமக்கு அது தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலூரில் மளிகைக் கடை நடத்துபவன் என்ற முறையில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

இந்த வேறுபாடு எண்ணெயில்தான் தெளிவாகத் தெரியும். சுத்திகரித்த சோயா எண்ணெயில் மாற்றப்பட்ட மரபணுவின் சுவடு அநேகமாக எஞ்சுவதில்லை. ஆனாலும் அது எந்த விதையிலிருந்து வந்தது என்பது உண்பவருக்குத் தெரிய வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் விதி செய்தது. தற்செயலாகக் கலந்திருந்தால் மட்டும் 0.9 சதவீதம் வரை பொறுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் 2016-இல் சட்டம் வந்து 2022 ஜனவரியில் கட்டாயமானபோதும், சோதனையில் மாற்றம் தென்படாத எண்ணெய்க்கு விலக்கு அளித்தே விதிகளை வகுத்தார்கள். ஐரோப்பாவில் பிறப்பைக் கேட்கிறார்கள், அமெரிக்காவில் தட்டில் இருப்பதைக் கேட்கிறார்கள்.

எங்கள் வட ஆற்காட்டு மக்கள் பிறப்பைக் கேட்கிறவர்கள். நேதாஜி மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கும் அம்மா, "இலவம்பாடிக் காயா?" என்று கேட்டு, காம்பின் முள்ளை விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் தராசில் போடச் சொல்வார். அந்த முள்ளுக் கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைப்பதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் கேள்வி இருந்தது. 2010 பிப்ரவரியில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், காய்ப்புழுவை எதிர்க்கும்படி மரபணு மாற்றிய பி.டி. கத்தரியை நிறுத்திவைத்தபோது, அணைக்கட்டு ஊர்ப் பக்கத்து என் உறவினர்கள் நிம்மதியடைந்தார்கள். காய்ப்புழுவுக்கு மருந்தடித்துச் சலித்தவர்கள்தான் அவர்கள். இரண்டு காயும் ஒரே கூடையில் கலந்துவிட்டால் தடவிப் பார்த்தாலும் தெரியாதே என்பதே அவர்களுடைய கவலை.

அதே அம்மா என் கடையில் மிக்சர் பொட்டலம் வாங்கும்போது எதையும் கேட்பதில்லை. 2002-இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்திதான் இன்று நம் நாட்டுப் பருத்தியின் பெரும்பகுதி. அதன் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெய் வனஸ்பதியிலும் நொறுக்குத் தீனியிலும் சேர்கிறது. பொட்டலத்தைத் திருப்பினால் பருத்திவிதை எண்ணெய் என்பது பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில் இருக்கும். மரபணு மாற்று உணவுப் பொட்டலத்தின் முகப்பில் 'ஜி.எம்.' என்று அச்சிட வேண்டும் என்ற விதி 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்த எழுத்துகளைத் தாங்கிய ஒரு பொட்டலம்கூட இதுவரை என் கைக்கு வரவில்லை.

ஆகவே லேபிள் வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அந்த எண்ணெய் கெடுதல் என்று நான் சொல்லவில்லை; மார்க்கெட்டில் வாய்விட்டுக் கேட்க முடிகிற கேள்வியைப் பொட்டலத்திடம் கேட்க முடியாது என்பதால் சொல்கிறேன். அந்த லேபிள் வெறும் எழுத்தாக இல்லாமல் ஒரு குறியாக இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட என் கடையில் பிஸ்கட் பொட்டலத்தை வெளிச்சத்தில் பிடித்து, பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குகிறார்.