எந்த எயர்லைன் திறம் என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, கனடாவில் விமானியாக இருக்கும் நான், நீர் அனுப்பிய கேள்வியை உரும்பிராயில் அம்மா வீட்டு விறாந்தையில் இருந்துதான் வாசித்தேன். 210 மணித்தியாலம் பறந்து வணிக விமானி லைசன்ஸ் எடுத்துவிட்டீர். எமிரேட்ஸா, கட்டாரா, கனடாவில் ஏதாவது ஒன்றா, வேலைக்கு எது திறம், சம்பளம் எவ்வளவு, எந்த விமானம் ஓட்டத் தருவார்கள் என்று கேட்கிறீர். கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்: ஓரிடத்தில் ரைப் ரேற்றிங்குக்கு (ஒரு வகை விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதிக்கு) முன்காசு கட்டினால் வேலை நிச்சயம் என்கிறார்கள், அப்பா கோண்டாவில் காணியை ஈடு வைக்கச் சம்மதித்துவிட்டார் என்று. இரவு என்னை நித்திரை கொள்ள விடாதது அந்த வரிதான்.

காணியை ஈடு வைக்க வேண்டாம்.

பெரிய விமானம் ஒவ்வொன்றுக்கும் தனி ரேற்றிங் வேண்டும் என்பது உமக்குத் தெரியும். எயர்பஸ் 320க்கு வெளியில் படித்தால் இருபது, முப்பதாயிரம் டொலர் போய்விடும். உம்மை உண்மையாகவே வேலைக்கு வேண்டும் என்று நினைக்கும் கொம்பனி பெரும்பாலும் தானே செலவழித்துப் படிப்பிக்கும். பதிலுக்கு இரண்டு மூன்று வருசம் விலக மாட்டேன் என்று கையெழுத்து வாங்கும். முன்காசு கேட்கிறவர்களுக்கு உம்முடைய காசுதான் வியாபாரம். ரேற்றிங் இருந்தாலும், அந்த விமானத்தில் பறந்த மணித்தியாலம் இல்லாதவரை எடுக்க எவரும் யோசிப்பார்கள். அதுவும் சும்மா கிடக்காது. காலத்துக்குக் காலம் சிம்யுலேற்றரில் ஏறிச் சோதனை கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும், அதற்கும் காசு. காணி போய், ரேற்றிங்கும் காலாவதியாகி, வெறுங்கையோடு நிற்கும் பெடியன்கள் மூன்று பேரை எனக்கே தெரியும்.

கொம்பனி படிப்பித்தாலும் கையெழுத்து வைக்கும் தாளை வடிவாக வாசியும். 2007இல் வடக்கு ஒன்ராறியோவில் நான் இருந்த ஒரு கொம்பனி என்னைப் பெரிய விமானத்துக்கு மாற்றியது. பயிற்சிக்கு 14,000 டொலர். வங்கிக் கடன் என் பெயரில், மாதக் கட்டணத்தைக் கொம்பனி கட்டும், இரண்டு வருசம் இருந்தால் கணக்கு முடியும் என்று ஏற்பாடு. எட்டாவது மாதம் கொம்பனி படுத்துவிட்டது. கடன் படுக்கவில்லை. மூன்று வருசம் என் சம்பளத்தில் கட்டி முடித்தேன். எனக்குப் பக்கத்தில் நின்று, தம்பி, இதில் கடன் யாருடைய பெயரில் என்று கேட்க ஒரு மூத்த ஆள் இருக்கவில்லை. அதனால்தான் உமக்கு இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

அடுத்தது சேரும் திகதி. வட அமெரிக்க எயர்லைன்களில் திறமையைவிட இதற்குத்தான் மதிப்பு. சேர்ந்த நாளின்படி உமக்கு ஓர் இலக்கம் விழும். எந்த ஊரில் இருந்து பறப்பது, எந்த விமானம், தைப்பொங்கலுக்கு லீவு கிடைக்குமா, எப்போது கப்டன் ஆவது, எல்லாம் அந்த இலக்கம்தான். ஆள் குறைப்பு வந்தால் கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே. இன்னொரு கொம்பனிக்கு மாறினால், இருபது வருசக் கப்டனும் அங்கே அடியில் இருந்து தொடங்க வேண்டியதுதான்.

2016இல் எனக்கு ஜெட் விமான வேலை கிடைத்தபோது இரண்டு பயிற்சி வகுப்புத் திகதி தந்தார்கள். தங்கச்சியின் கலியாணம் நல்லூரில் நடக்க இருந்தபடியால் மூன்று கிழமை பிந்திய வகுப்பை எடுத்தேன். நாற்பத்தொரு பேர் எனக்கு முன்னால் போய்விட்டார்கள். 2020இல் கொரோனா வந்து விமானங்கள் நிலத்தில் நின்றபோது கோடு எங்கே விழுந்தது தெரியுமா? முந்திய வகுப்பு உள்ளே, நான் வெளியே. பதினான்கு மாதம் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் நகரில் வீடு வீடாகப் பொதி கொண்டுபோய்க் கொடுத்தேன். கலியாணத்துக்குப் போனதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். அந்த மூன்று கிழமையின் விலை தெரிந்து போயிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, வளைகுடாவுக்கு வருவோம். வருமான வரி இல்லை, வீடு தருவார்கள், பிள்ளைகளின் பள்ளிக் காசும் கொடுப்பார்கள். எல்லாம் உண்மை. அங்கே பறக்கும் எங்கள் ஆட்கள் ஊருக்கு வந்தால் சீருடைப் படத்தையும் சம்பளத்தையும் மட்டும் காட்டுகிறார்கள். விசா கொம்பனியின் கையில் இருப்பதை, தொழிற்சங்கத்துக்கு அங்கே இடமில்லை என்பதை ஏன் சொல்வதில்லை? எனக்கு இதில் கோபம் உண்டு. 2020இல் என் கூட்டாளி ஒருவனுக்கு அங்கே ஒரு கடிதம்தான் வந்தது. வேலை, வீடு, பிள்ளையின் பள்ளிக்கூடம், நாட்டில் இருக்கும் உரிமை, நாலும் ஒன்றாகப் போயின. நானும் அதே வருசம் வேலை இழந்தவன்தான், ஆனால் என்னை எவரும் நாட்டைவிட்டுப் போகச் சொல்லவில்லை. அதோடு, வெளியாட்களில் அங்கே பெரும்பாலும் அனுபவம் உள்ளவர்களைத்தான் எடுப்பார்கள். 210 மணித்தியாலத்தோடு அந்தக் கதவைத் தட்டி மனம் உடைய வேண்டாம்.

கனடா என்றால் முதலில் வதிவிட உரிமை. அது இல்லாமல் விண்ணப்பத்தைத் திறந்தும் பார்க்க மாட்டார்கள். லைசன்ஸ் மாற்றப் பரீட்சை எழுத வேண்டும். விமான நிலையத்துக்குள் போகும் அட்டைக்கு ஐந்து வருசம் எங்கே இருந்தீர், என்ன செய்தீர் என்று இடைவெளி இல்லாமல் காட்ட வேண்டும், ஆகவே இன்றிலிருந்தே கடிதங்களைச் சேர்த்து வையும். அப்புறம், ரொறன்ரோவிலேயே வேலை வேண்டும் என்று நிற்க வேண்டாம். எங்கள் ஆட்களில் பலர் ஸ்காபரோவை விட்டு அரக்க மாட்டோம் என்று இருந்து, லைசன்ஸை அலமாரியில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். அவர்களில் என்னைவிடக் கெட்டிக்காரர் இருந்தார்கள்.

நான் 1997இல் பதினாறு வயதில் கனடாவில் போய் இறங்கினேன். கோப்பை கழுவின காசில், பட்டன்வில் விமான நிலையத்தில் ஒவ்வொரு மணித்தியாலமாகப் பறந்து படித்தேன். (அந்த விமான நிலையத்தையே 2023இல் மூடிவிட்டார்கள்.) லைசன்ஸ் எடுத்த காலத்தில், 2001 செப்டெம்பரில் அமெரிக்காவில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு ஒருவரும் ஆள் எடுக்கவில்லை. 2004இல் வடக்கு ஒன்ராறியோவில் பிக்கிள் லேக் என்ற சின்ன ஊருக்குப் போனேன். அதற்கு வடக்கே பனிக்காலத்தில் ஏரிகள் உறைந்தால்தான் வாகனம் ஓடும், மற்றபடி விமானம்தான். முதல் பதினொரு மாதம் நான் பறக்கவில்லை. மைனஸ் 38இல் பால், மா, உருளைக்கிழங்கு, குழந்தைகளின் நப்பி எல்லாம் சுமந்து சின்ன விமானங்களில் ஏற்றினேன். அங்கத்தைய பழங்குடிச் சனம் மூஸ் இறைச்சி தந்தார்கள், தின்னப் பழகினேன். அவர்கள் பாஷையில் மீக்வெச் என்றால் நன்றி. இன்றைக்கும் வடக்கே இறங்கினால் அந்தச் சொல் வாயில் தானாக வரும். பன்னிரண்டாம் மாதம் துணை விமானியாக வலப்பக்க இருக்கையில் ஏற்றினார்கள். விமானம் ஓட்டுவதை நான் அங்கேதான் படித்தேன்.

உமக்குத் தெரியாத யுத்தக் காலம் அது. நான் சின்னனில் பங்கருக்குள் இருந்துதான் விமானங்களை அறிந்தேன். வருவது பொம்பரா, சகடை என்று நாங்கள் சொல்லும் சரக்கு விமானமா, ஹெலியா என்று சத்தத்தை வைத்தே சொல்லுவேன், அம்மா அதை நம்பித்தான் எங்களை உள்ளே இழுப்பா. 1947இல் எயர் சிலோனின் முதல் பயணமே இரத்மலானையில் இருந்து காங்கேசன்துறை வழியாக மதராசுக்குத்தான் என்று அப்பா சொல்லும்போது எனக்கு அது கதையாகவே இருந்தது. போன கிழமை சென்னையில் இருந்து ஏரீஆர் என்ற சின்னப் பயணிகள் விமானத்தில் பலாலியில் வந்து இறங்கினேன். கடல் முடிந்து பனைகள் தெரிந்ததும் கண் நிறைந்துவிட்டது. அம்மா இப்போதும் விமானச் சத்தம் கேட்டால் கையில் உள்ளதை வைத்துவிட்டு ஒரு நிமிசம் நிற்கிறா.

எங்கேயோ போய்விட்டேன். உமக்கு இப்போது திறமான எயர்லைன், உம்மிடம் காசு வாங்காமல் அதிக மணித்தியாலம் பறக்க விடுவது. அது கொழும்பில் கிடைத்தால் கொழும்பு, சின்ன விமானம் என்றால் சின்ன விமானம். 1,500 மணித்தியாலம் சேரட்டும், கப்டன் ஆகத் தேவையான பெரிய லைசன்ஸுக்கு அதுதான் கணக்கு. சம்பளம் வருசத்துக்கு வருசம் மாறும், அதை இப்போது கதைத்துப் பயனில்லை.

நான் ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிடுகிறேன். அதற்கு முதல் ஒரு பின்னேரம் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாரும். அந்த ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் கொண்டுவாரும், முன்பக்கத்தை மட்டும் வேண்டாம்.