வரி நோட்டுல இல்லாத வீடு

கேள்வி: எங்க பக்கம் ரத்ததான குரூப், லயன்ஸ், ரோட்டரி, ரசிகர் மன்றம், காலேஜ் என்.எஸ்.எஸ். பசங்கன்னு எல்லாரும் தனித்தனியா உதவி செய்யறாங்க. இப்ப எல்லாரையும் சேத்து ஒரே கமிட்டி போடலாம்னு பேச்சு. கமிட்டின்னு வந்தாலே தலைவர் போட்டிதான் வரும். அவங்கவங்க செய்யறத செய்யட்டும்னு விட்டா என்ன கெட்டுப்போச்சு?
(வாசகர், ஊத்தங்கரை)

பதில்: தலைவர் போட்டி வரும்னீங்க பாருங்க, அது நூத்துக்கு நூறு நெசம், கூடவே பேனர்ல யார் போட்டோ பெருசுங்கற சண்டையும் வரும். அதனால கமிட்டி வேணாம்னு நானும் சொல்றேன். ஆனா விட்டா என்ன கெட்டுப்போச்சுன்னு ஊத்தங்கரைல இருந்துகிட்டே கேக்கறீங்களே, அதுதான் தாங்கல.

2024 டிசம்பர் மொத தேதி ராத்திரி மறந்துட்டீங்களா? ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் மழை, நிறுத்தி வெச்சிருந்த வேன் காரெல்லாம் தண்ணி உருட்டிட்டு போனத ஊரு உலகமே வீடியோல பாத்துச்சு. மறுநாளே உதவியும் வந்துச்சு, அதுல குறையே இல்ல. நான் பாத்த ஒரு மெயின்ரோட்டு தெருவுல காலைல ஒரு குரூப் பிரட்டு, மத்தியானம் ஒரு குரூப் பிரட்டு, சாயங்காலம் இன்னொரு குரூப் அதே பிரட்டு, கடைசில மாட்டுக்கு போட்டாங்க. அங்கருந்து ரெண்டு கிலோமீட்டர் உள்ள, மக பெங்களூர்ல சித்தாள் வேலைக்கு போயிருக்க தனியா கெடந்த ஒரு பாட்டி, ரெண்டு நாளா பிரஷர் மாத்திரை நனஞ்சு போய் உக்காந்திருக்கு. அதுக்கு பிரட்டு கூட வேணாங்க, மாத்திரைதான் வேணும். யாருக்கும் தெரியல.

மாரியம்மன் பண்டிகைக்கு வரி வசூல் பண்றோமே, அதுல ஒரு வீடு தப்புதா? தலைக்கட்டு எத்தன, யார் பாக்கி, யார் ஓசூர்ல கம்பெனி வேலைல இருக்கான், அத்தனையும் நோட்டுல இருக்கும். அப்ப வீடு தெரியாதுன்னு சொல்ல முடியாது. என்ன, அந்த நோட்டுல காலனி வீடுங்க பல ஊர்ல இருக்காது, அங்க வரியும் வாங்கறதில்ல, பிரட்டு வண்டியும் அதே வழிலதான் திரும்புது. கோவம் வந்தா வரட்டும்.

இன்னொரு நோட்டு இருக்கு. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ல நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளிலதான் ஆரம்பிச்சாங்க. மகளிர் குழுவுல இருந்து வந்த அக்காங்கதான் வீடு வீடா போய் சுகர், பிரஷர் பாத்து மாத்திரை குடுக்கறாங்க. படுத்த படுக்கையா யார் இருக்காங்க, யாருக்கு தெலுங்குல சொன்னாதான் புரியும், எந்த வீட்டுல கதவு தட்டினா காது கேக்காது, எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. உங்க குரூப்ல ஒருத்தராவது அவங்கள கூப்பிட்டு ஒரு வார்த்த கேட்டிருக்கீங்களா? சித்தேரி மல பக்கம் சிட்லிங்கில 1993-ல ஒரு டாக்டர் தம்பதி குடிசைல ஆஸ்பத்திரி ஆரம்பிச்சப்ப அங்கத்த பொண்ணுங்களுக்கே ட்ரெய்னிங் குடுத்துதான் வேலைய கொண்டுபோனாங்க, ஏன்னு யோசிங்க.

ரத்ததானத்தையே எடுத்துக்கங்க. தலைவர் பொறந்தநாள்னா ஒரே வாரத்துல நாலு கேம்ப். ரத்தத்த என்னதான் பத்திரமா வெச்சாலும் 35 நாள், மிஞ்சிப்போனா 42 நாள், தட்டணுக்கள் 5 நாள்தான் தாங்கும். குடுத்த ஆம்பள அடுத்து குடுக்க 3 மாசம் ஆகணும், பொம்பளைன்னா 4 மாசம். எல்லாரும் ஒண்ணா குடுத்துட்டு எல்லாரும் ஒண்ணா ரெஸ்ட்ல இருந்தா நடுவுல பிரசவ கேஸ் வந்தா யார கூப்பிடறது? நாலு அட்மினும் ஒரு காலண்டர பாத்து தேதிய பிரிச்சுக்கிட்டா முடிஞ்சுது, இதுக்கு தலைவர் எதுக்கு, பொருளாளர் எதுக்கு.

என்.எஸ்.எஸ். பசங்களுக்கு 7 நாள் கேம்ப் இருக்கு. வருஷா வருஷம் அதே கோயில் சுவத்துக்கு சுண்ணாம்பு அடிக்க விடாம, எந்த வீட்டுல யாருக்கு என்ன வேணும்னு, காலனியையும் சேத்து ஒரு ஊரு லிஸ்ட்ட, மாத்திரை குடுக்கற அந்த அக்கா கூட நடந்து எழுத சொல்லுங்க. அந்த அக்காவ நாளைக்கே ஒரு டீக்கு கூப்பிட்டு உக்காந்து பேசுங்க, சால்வை போட்டு போட்டோ எடுத்து அனுப்பிடாதீங்க.