ஏழாம் நம்பர் ஏன் சொல்லவில்லை?

கேள்வி: செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் மண்டோராக, அதாவது மேற்பார்வையாளராக இருக்கிறேன். என் கீழ் 21 பேர்: வங்காளதேசத்தார் 13, இந்தோனேசியாவின் லொம்போக் தீவுக்காரர்கள் 8. காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் ஆள் கூட்டும் இடத்தில்) மலாயில் எல்லாம் விளக்கிவிட்டு, “பூடாக்-பூடாக், ஃபஹாம்?” (பையன்களே, விளங்கியதா?) என்று கேட்டால் “ஃபஹாம், போஸ்” என்கிறார்கள். மர நிரைக்குள் போனதும் பழுக்காத காய்க்குலையை வெட்டித் தள்ளுகிறார்கள். ஆலையில் கழிக்கிறார்கள், மேனேஜரிடம் பேச்சு வாங்குவது நான். பெயர்கள் வாயில் நுழைவதில்லை, அதனால் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவேன். ஏழாம் நம்பர் போன மாதம் இரண்டு நாள் வரவில்லை; ஊரில் அப்பா இறந்துவிட்டாராம், பிறகுதான் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) சொன்னார். லொம்போக்காரன் ஒருவன் முகத்துக்கு நேரே ‘கம்பாங்’ என்று கெட்ட வார்த்தை பேசுகிறான். இவர்களுக்கு எப்படித்தான் புரியவைப்பது?
– மண்டோர், லாபிஸ், மலேசியா

பதில்: தம்பி, குலைக்கும் ஆலைக்கும் மேனேஜருக்கும் இத்தனை வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். ஒருவனுடைய அப்பா செத்ததை அரை வரியில் தாண்டிவிட்டீர்கள். பெற்ற தகப்பன் போன செய்தியை உங்களிடம் சொல்லாதவன், “எனக்கு விளங்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்” என்று மட்டும் வந்து கேட்பானா? இரண்டு நாள் ஆள் வரவில்லை. ஏன் என்று நீங்களும் கேட்கவில்லை. செக்ரோல் வருகைப் பதிவில் ஆப்செண்ட் போட்டதோடு சரி.

கல்யாணத்துக்கு நமக்கு அழைப்பு வேண்டும். சாவு காதில் விழுந்தாலே கிளம்பிவிடுவோம். லயத்து வரிசை வீடுகளில் வருஷக்கணக்காகப் பேச்சு இல்லாதவன்கூட அன்றைக்கு வாசலில் வந்து நிற்பான். செத்தவர் கடலுக்கு அப்பால் இருந்தால் அந்த முறை இல்லாமல் போய்விடுமா? உங்கள் கீழ் வேலை செய்கிறவனிடம் துக்கம் கேட்பதும் மண்டோர் வேலைதான். அது கௌரவக் குறைச்சல் என்றால் அந்தப் பொறுப்பை வேறு யாருக்காவது விட்டுவிடுங்கள்.

மாதம் ஒன்று ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். இன்று சாயங்காலம் குளித்துவிட்டு அவன் தங்கியிருக்கும் கொங்சிக்குப் (தொழிலாளர் விடுதிக்குப்) போங்கள். ஒரு பாக்கெட் தேயிலை, ஒரு கிலோ சீனி போதும். வீட்டில் வைத்த கறியைக் கொண்டுபோகாதீர்கள். ஹலாலா இல்லையா என்று கேட்கவும் முடியாமல் சாப்பிடவும் முடியாமல் அவன் தவிப்பான். வலது கையால் கொடுத்து, ‘தக்ஸியா’ (ஆழ்ந்த அனுதாபம்) என்று ஒரு வார்த்தை. அம்மாவோடு யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். குலைப் பேச்சு அன்றைக்கு வேண்டாம். கிளம்பும்முன் அவன் பெயரை அவனையே இரண்டு தடவை சொல்லச் சொல்லி, காதில் விழுந்தபடி தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். மற்ற 20 பேருக்கும் அப்படியே.

வாயில் நுழையவில்லையாம்! 1938-இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை கப்பல் கப்பலாக வந்து இறங்கிய கூட்டம் நாம். நம் தாத்தாக்களின் பெயரும் அப்போது யார் வாயிலும் நுழையவில்லை. பத்திரத்தில் கோணலாக எழுதப்பட்ட பெயரைப் பேரன் வரை சுமக்கிற வீடுகள் உங்கள் தோட்டத்திலேயே இருக்கும், விசாரித்துப் பாருங்கள்.

அந்தக் ‘கம்பாங்’ விஷயம். மலாயில் அது பிறப்பைப் பழிக்கிற வசவு. இந்தோனேசியாவில் ‘சுலபம்’ என்று அர்த்தம். நீங்கள் ஏதோ வேலை சொல்லியிருப்பீர்கள், “சுலபம்தாங்க” என்று அவன் பதில் சொல்லியிருப்பான். அதற்கு அவனை என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. உங்கள் ‘பூடாக்’ அதைவிட மோசம். இங்கே அது பையன். இந்தோனேசியக் காதுக்கு அடிமை. தினமும் காலையில் எட்டுப் பேரை அடிமைகளே என்று கூப்பிட்டுவிட்டு, விளங்கியதா என்று கேட்கிறீர்கள். ‘பூசிங்’ என்று சுற்றிப் போகச் சொன்னால் அவர்களுக்குத் தலைசுற்றல். அவர்களுக்கு ‘அபாங்’ (அண்ணன்) போதும்; வங்காளதேசத்தாருக்குப் பெயரோடு ‘பாய்’ சேருங்கள்.

‘ஃபஹாம்?’ என்று கேட்பதையும் விடுங்கள். இருபது பேர் நடுவில், மேலே இருப்பவரிடம் ‘இல்லை’ என்று யார் சொல்வார்? மேனேஜர் கேட்டால் நீங்கள் சொல்வீர்களா? பெரட்டில் மூன்று குலையை வையுங்கள். ஒன்று கறுப்பாக, ஒரு பழமும் உதிராதது. அடுத்தது லேசாகச் சிவந்து, பழம் உதிர்ந்த குழி நாலைந்து மட்டும் உள்ளது. மூன்றாவது செம்மஞ்சளாகி, புதிதாகப் பழம் உதிர்ந்த குழி 10-க்குக் குறையாதது. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் தர அளவில் மூன்றாவதுதான் பழுத்த குலை. வங்காளத்தில் பழுத்தது ‘பாக்கா’, காய் ‘காச்சா’. நம் ‘பக்குவம்’ பிறந்த வேரில்தான் அந்தப் ‘பாக்கா’வும் பிறந்தது, மறக்காது. லொம்போக்காரருக்கு ‘மாதாங்’, ‘மெந்தா’. எதை வெட்டலாம் என்று ஒவ்வொருவரும் தொட்டுக் காட்டட்டும். தப்பாகத் தொட்டால் சிரிக்காதீர்கள், சிரித்தால் நாளைக்கு ஒருவனும் கையை நீட்ட மாட்டான்.

இவ்வளவுக்குப் பிறகும் காய் விழுந்தால் கூலிக்கணக்கைப் பாருங்கள். பழுத்த குலை விழுந்தால் உதிரிப் பழம் சிதறும். குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். காய்க்குலை சிதறாது, முதுகு தப்பிக்கும். குலைக்கோ எடைக்கோ கூலி என்றால், ‘ஃபஹாம்’ சொல்லிவிட்டு எது லாபமோ அதை வெட்டுவான். உதிரிக்கு என்ன கூலி என்று அவனுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் கிராணியிடம் கேட்டு, அவன் சம்பளச் சீட்டிலேயே அந்த வரியைக் காட்டுங்கள். உயர்ந்த மரத்தில் குழியைக் கீழிருந்து எண்ண முடியாது. மரத்தடியில் எத்தனை பழம் கிடந்தால் வெட்டலாம் என்ற உங்கள் தோட்டத்து அளவைப் பழத்தையே தரையில் வைத்துக் காட்டுங்கள்.

பிறகு ஒரு வாரத்துக்கு, ஏழு மணிக்கு முதல் நிரையில் நில்லுங்கள். ஒவ்வொரு ஜோடியும் வெட்டும் முதல் இரண்டு குலையை அங்கேயே, அவர்கள் கண் முன்னால் பாருங்கள். காய் என்றால் குலையைக் காட்டிப் பேசுங்கள், பெயர் சொல்லி, மற்றவர் காதில் விழாமல். பெரட்டில் கத்துகிற இருபது நிமிடம் இதற்குச் சரியாக இருக்கும்.