ஒரு வருட தெரபி பேக்கேஜுக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 5 வயது. பென்சில் பிடிக்க, பட்டன் போட, கத்தரிக்கோலால் வெட்ட மிகவும் சிரமப்படுகிறாள். கை விரல்களின் நுண்ணிய இயக்கம் வயதுக்கேற்ப வளரவில்லை என்று சொல்லி மருத்துவர் ஆக்குபேஷனல் தெரபிக்கு (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை) அனுப்பினார். தெரபி மையத்தில் ஒரு வருடத்துக்கு 96 அமர்வுகள், முழுத் தொகையையும் இப்போதே கட்டினால் 15% தள்ளுபடி என்கிறார்கள். கையில் அவ்வளவு பணம் இல்லை. 14% வட்டிக்கு பெர்சனல் லோன் எடுக்கலாமா? இல்லை, அவள் படிப்புக்காகச் சேர்த்ததை எடுத்துவிடலாமா?

பதில்: தெரபியை உடனே தொடங்குங்கள். பேக்கேஜ் வேண்டாம், லோனும் வேண்டாம்.

முதலில் கணக்கு. 15% தள்ளுபடி என்றால் ஏறக்குறைய 82 அமர்வுகளின் கட்டணத்தை இன்றே கொடுத்துவிடுகிறீர்கள். குழந்தை அதற்கும் குறைவாக வந்தால் தள்ளுபடி உங்களுக்கு நஷ்டம். லோன் எடுத்து 12 மாதத் தவணையில் அடைத்தால், வாங்கிய தொகையில் ஏறக்குறைய 7.7% வட்டிக்குப் போகும். அப்போது அந்த எல்லை 88 அமர்வுகளாக ஏறிவிடும். காய்ச்சல், சளி, விடுமுறை என்று 9 அமர்வுகள் தவறி, அவற்றை ஈடுசெய்யவும் மாட்டார்கள் என்றால், தள்ளுபடியில் ஒன்றும் மிஞ்சாது. 5 வயதுக் குழந்தைக்கு ஒரு வருடத்தில் 9 அமர்வுகள் தவறாமலா இருக்கும்?

அதைவிடப் பெரிய விஷயம், உங்கள் மகளுக்கு 96 அமர்வுகள் வேண்டுமா என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. அதனால் முதல் செலவு முறையான மதிப்பீட்டுக்கு இருக்கட்டும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். அது முடிந்ததும் தெரபிஸ்டிடம் இரண்டு மூன்று இலக்குகளை எழுதி வாங்குங்கள். ‘விரல் வலிமை கூடும்’ என்பது போதாது. ‘சட்டையின் 4 பட்டன்களைத் தானே போடுவாள்’, ‘கோட்டின் மேலேயே கத்தரிப்பாள்’ என்று, நீங்களே பார்த்துச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். பிறகு 10 அல்லது 12 அமர்வுகளுக்கு மட்டும் பணம் கட்டுங்கள். முடிந்ததும் இலக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னேற்றம் தெரிந்தால் அடுத்த சுற்று. தெரியாவிட்டால் முறையை மாற்றச் சொல்லலாம், இடத்தையும் மாற்றலாம். மொத்தப் பணத்தையும் கட்டியவருக்கு இந்தச் சுதந்திரம் இருக்காது.

அமர்வில் என்ன நடக்கிறது என்பதையும் கேளுங்கள். கையெழுத்துக்கான தெரபி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளிவந்த ஒரு கட்டுரை, எழுதும் பயிற்சியே இல்லாத சிகிச்சை பலன் தரவில்லை என்றது. 20 பயிற்சி அமர்வுகளுக்குக் குறைவாக இருந்தாலும் போதவில்லை என்றது. பட்டன் போட வேண்டுமென்றால் பட்டன் போட்டுத்தான் பழக வேண்டும். முதல் சுற்றின் 10, 12 அமர்வுகளில் மட்டும் அவ்வளவு பயிற்சி சேராது, வீட்டிலும் நடக்க வேண்டும். எனவே ஒவ்வொரு அமர்விலும் கடைசி சில நிமிடங்களை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒதுக்கும் தெரபிஸ்டைத் தேடுங்கள். கட்டணம் சற்றுக் கூடினாலும் அதுதான் மலிவு. களிமண் பிசைவது, மணி கோப்பது, காகிதம் கிழித்து ஒட்டுவது எல்லாம் கிட்டத்தட்டச் செலவில்லாதவை. விசேஷ பென்சில், உபகரணம் எதையும் தெரபிஸ்ட் சொல்லாமல் வாங்க வேண்டாம்.

பணம் எங்கிருந்து வரும்? மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: புறநோயாளியாகப் பெறும் ஆக்குபேஷனல் தெரபிக்குக் காப்பு உண்டா, வருடத்துக்கு எத்தனை அமர்வுகள், முன் அனுமதி வேண்டுமா? மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பள்ளியிலேயே இந்தச் சேவை உண்டா என்றும் விசாரியுங்கள். தெரபி படிப்பு நடத்தும் கல்லூரிகளில் பயிற்சி மையம் இருந்தால், அனுபவமுள்ளவர் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்துக்குக் கிடைக்கலாம்.

பணத்தோடு சேராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கண் பரிசோதனை செய்யவில்லை என்றால் செய்துவிடுங்கள். முன்பு சுலபமாகச் செய்த எதையாவது இப்போது செய்ய முடியாமல் போயிருந்தால், தெரபி தேதிக்குக் காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள்.

படிப்புச் சேமிப்பில் ஏற்கெனவே சேர்ந்ததைத் தொடாதீர்கள். மாதாமாதம் போடுவதை முதல் சுற்று முடியும்வரை நிறுத்தி, அதைத் தெரபிக்குத் திருப்புங்கள். குற்ற உணர்வே வேண்டாம், இதுவும் அவள் படிப்புக்கான செலவுதான். அவசரகால நிதியிலிருந்து எடுக்க நேர்ந்தால், குறைந்தது மூன்று மாத வீட்டுச் செலவுக்கான தொகை அதில் மிஞ்சட்டும். அப்புறம், எந்த மையமானாலும் பணம் கட்டும் முன் ரசீதோடு இதையும் எழுதி வாங்குங்கள்: தவறிய அமர்வுக்கு மாற்று நாள் உண்டா, பாதியில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், தெரபிஸ்ட் மாறினால் முன்கூட்டியே சொல்வார்களா. எழுதித் தர மறுத்தால் அங்கே அமர்வுக்கு அமர்வு மட்டும் பணம் கொடுங்கள்.